நமக்குள் மூன்று அங்குலம்

டேப்பக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். விடுதியில் யாருக்கும் அது தெரியாது, தேவைப்பட்டதும் இல்லை. கழுத்தில் எப்போதும் ஒரு மஞ்சள் டேப் தொங்கும். குளிக்கும்போதாவது அதைக் கழற்றுவாளா மாட்டாளா என்று மூன்றாம் மாடியில் பெரிய விவாதமே நடந்திருக்கிறது. நான் 'கழற்ற மாட்டாள்' கட்சி.

பல்கலைக்கழக மகளிர் விடுதியின் தரைத்தளத்தில், இஸ்திரி போடும் இடத்துக்கும் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கும் நடுவில் அவள் அறை. ஒரு தையல் மெஷின், துணி வெட்ட ஒரு நீள மேசை, மேசைக்கடியில் சுருட்டி வைத்த பாய், குறுக்கே ஒரு திரை. பகலில் அது கடை, மற்ற நேரத்தில் வீடு. பத்து வருடமாக அங்கேதான் இருந்தாள். எழுத்தில் ஒன்றும் கிடையாது. வார்டன் அம்மா ஒருநாள் "இருந்துக்கோ" என்றார், இவளும் இருந்துகொண்டாள். அந்த அறையை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை என்பது விடுதிப் பூனைக்குக்கூடத் தெரியும்.

வயது முப்பத்தெட்டு. பூசினாற்போல் உடம்பு, கதவைத் தாண்டிக் கேட்கும் சிரிப்பு. ஊருக்கெல்லாம் கச்சிதமாகத் தைப்பவள் தான் போட்டுக்கொள்வதை மட்டும் தொளதொளவென்று தைத்துக்கொள்வாள். "உள்ள இன்னொரு ஆளுக்கு வாடகைக்கு விடலாம்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

எங்கள் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். நூற்றெண்பது பெண்கள். படிப்பில் புலி, கண்ணாடி முன்னால் பூனை. மூன்றாம் மாடி நடையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. யாரோ ஒரு மகராசி அதன் அடியில் அரைச் செங்கல் வைத்துச் சாய்த்துவிட்டுப் போயிருந்தாள். அந்தச் சாய்வில் பார்த்தால் எல்லோரும் ஒல்லி. அதற்காக முதல் மாடியிலிருந்து ஏறி வருவார்கள், வரிசையில் சண்டையெல்லாம் நடக்கும். உடற்பயிற்சி அறை எடை மெஷினில் ஒற்றைக் காலில் நின்றால் குறைவாகக் காட்டும் என்று நம்பிய முதுகலை இயற்பியல் மாணவிகள் எங்களோடு இருந்தார்கள். இயற்பியல்.

என் அறைத்தோழிக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர். அவளுக்குக் கவலை நேர்மாறானது. காற்சட்டைக்கு உள்ளே இன்னொரு காற்சட்டை போட்டுக்கொண்டுதான் வகுப்புக்குப் போவாள், வெயில் மண்டையைப் பிளந்தாலும் சரி. நான் புகைப்படங்களில் எப்போதும் பின்வரிசை. நாலு வருடப் படங்களில் என் தலையும் இரண்டு காதும் மட்டும் பத்திரமாக இருக்கின்றன.

முதலாம் ஆண்டில் விடுதிக் கோட்டுக்காக அளவு கொடுக்கப் போனபோதுதான் அக்காவைக் கிட்டத்தில் பார்த்தேன். முழங்கால்வரை வரும் நீலக் கோட்டு, எல்லோருக்கும் கட்டாயம். திரைக்கு வெளியே இருபது பேர் வரிசையில் நின்றார்கள். உள்ளே சொல்லும் அளவு வெளியே அட்சரம் பிசகாமல் கேட்கும். நான் திரையைத் தாண்டும்போதே மூச்சை உள்ளிழுத்து வயிற்றை முதுகோடு ஒட்ட வைத்துக்கொண்டேன்.

"மூச்ச விடுடி. கோட்டு தைக்கிறதுக்குள்ள நீ செத்துப் போனா யாருக்குப் போட்டு விடறது?"

இடுப்புக்குக் கீழே, அகலமான இடத்தைச் சுற்றி டேப் வந்தது. பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். பார்த்துவிட்டேன். நாற்பத்திரண்டு. வெளியே இருபது ஜோடிக் காதுகள் காத்திருந்தன. 

அக்கா திரைப் பக்கம் முகத்தைத் திருப்பி, கணீரென்று சொன்னாள். "முப்பத்தொன்பது."

நோட்டில் என் அறை எண்ணுக்கு நேராக 39 என்று எழுதினாள். எழுதிவிட்டுப் பென்சிலால் பக்கத்தில் மூன்று தட்டுத் தட்டினாள். பிறகு என் காதோரம் குனிந்து, "இது நமக்குள்ள இருக்கட்டும்" என்றாள்.

கோட்டு வந்தது. நாற்பத்திரண்டுக்குத் தைத்தது போல அவ்வளவு கச்சிதம். அன்றிலிருந்து அக்கா என்றால் எனக்கு உயிர். என்னிடம் என்னமோ ஒரு தனிப் பிரியம் வைத்துத்தான் இப்படிச் செய்தாள் என்று பூரித்துப்போயிருந்தேன்.

அடிக்கடி அந்த அறையில் போய் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பேன். ஒரு மத்தியானம் பொத்தான் தைத்தபடியே பழைய கதை ஒன்றைச் சொன்னாள். பதினேழு வயதில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாளாம். முதலாளியம்மா அளவெடுத்துச் சத்தமாகச் சொல்வார், கடையின் மறுகோடியில் வெட்டுபவர் அதைக் கேட்டு எழுதிக்கொள்வார். முதல் நாள் இவளுக்குச் சீருடை தைக்க அளவெடுத்திருக்கிறார்கள். முதலாளியம்மா எண்ணைச் சொன்னதும் அந்த மனுஷன் அங்கிருந்தே கேட்டாராம், "ரெண்டு பேருக்குச் சேத்து எடுத்துட்டீங்களா?" கடை முழுக்கச் சிரிப்பு.

"நானும்தான் சிரிச்சேன்," என்றாள் அக்கா. "சிரிக்காம என்ன பண்றது. அதுக்கப்புறம் என் மேல டேப் வைக்க யாரையும் விட்டதில்ல. நானும் வச்சுக்கிட்டதில்ல."

"அப்ப உங்க துணியெல்லாம்?"

"குத்துமதிப்புதான். பெருசா வெட்டிட்டா வம்பே இல்ல பாரு."

இப்படி இருக்கும்போதுதான் வார்டன் அம்மாவுக்குக் கூடம் கட்டும் ஆசை வந்தது. பழைய சாமான் கிடங்கை இடித்துப் புதுக் கூடம். நூற்றெண்பது பேரும் ஒன்றாக உட்கார வேண்டும், ஒருத்திகூட நிற்கக் கூடாது. கட்டட இன்ஜினியர் குறுக்கும் நெடுக்கும் அளந்து பார்த்துவிட்டு, "நூத்தி அறுபதுக்கு மேல போகாதும்மா" என்றார்.

"உங்க கணக்கு குண்டு ஆளுங்களுக்கு. என் பொண்ணுங்கள்லாம் ஒல்லி" என்றார் வார்டன் அம்மா.

"அப்படின்னா அளவக் கொடுங்க, பாக்கலாம்."

நான் அப்போது புள்ளியியல் இரண்டாம் ஆண்டு. விடுதியில் என் பெயர் கணக்கு. எங்கே கணக்கு என்றாலும் முதலில் கை தூக்கும் வியாதி உண்டு. தூக்கினேன். எல்லோருடைய அளவும் டேப்பக்கா நோட்டில் இருக்கிறதே, நகல் எடுத்துச் சராசரி போட்டால் ஒரு மணி நேர வேலை. கீழே போனேன். அக்கா பொத்தான் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். நோட்டு மேசைமேல் இருந்தது. அவள் வருவதற்குள் எழுதிவிட்டு வைத்துவிடலாம் என்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பக்கம் பக்கமாக எண்கள். பக்கத்தில் பென்சில் புள்ளிகள், அக்கா தட்டுகிற பழக்கத்தில் விழுந்தவை. அவற்றை விட்டுவிட்டு எண்களை மட்டும் எழுதிக்கொண்டே வந்தேன். முப்பத்தைந்து, முப்பத்தேழு, முப்பத்து நாலு. எல்லோரும் எப்படித்தான் இப்படி இருக்கிறார்களோ என்று வயிறு எரிந்தது. என் வரியில் கை நின்றது. 39. இது பொய் என்று எனக்குத் தெரியும். நிஜத்தை எழுதினால் இன்ஜினியர் கையிலிருக்கும் தாளில், வார்டன் அம்மா கண்ணெதிரில், விடுதியிலேயே பெரிய எண் என்னுடையதாக இருக்கும். நூற்றெண்பதில் ஒரு எண் தப்பானால் சராசரி அசையாது என்று பேராசிரியர் போன வாரம்தான் நடத்தியிருந்தார். நூற்றெழுபத்தொன்பது பேர் நிஜம், ஒருத்தி பொய். 39 என்றே எழுதினேன்.

இன்ஜினியர் தாளைப் பார்த்துவிட்டு, "இதுங்க சாப்பிடுதா இல்லையா?" என்று கேட்டார். வார்டன் அம்மாவுக்கு ஒரே பெருமை. ஒரு வரிசைக்கு இரண்டு நாற்காலி கூடுதலாகப் போட்டு நூற்றெண்பது வரைந்தாகிவிட்டது. இரு பக்கமும் மரக் கை வைத்த நாற்காலிகள், வரிசையாகச் சேர்த்துத் தரையில் திருகியவை. மாதிரி நாற்காலியில் தச்சரே உட்கார்ந்து பார்த்து, தாராளமாக இருக்கிறது என்றார். அவர் ஒட்டடைக்குச்சிக்குத் தம்பி மாதிரி இருப்பார்.

திறப்பு விழா ஒரு திங்கட்கிழமை காலை. ஒரு பெண் மருத்துவர் பேச வந்திருந்தார். தலைப்பு, 'உடம்போடு சமாதானமாக இருப்பது எப்படி'. நாங்கள் நீலக் கோட்டுகளில் வரிசையாகப் போய் உட்கார்ந்தோம். உட்கார்ந்தோம் என்பது பேச்சுக்குச் சொல்கிறேன். நான் பாதி தூரம் போனதும் நின்றுவிட்டேன். நாற்காலியின் இரண்டு கைகளும் இரண்டு பக்கமும் என்னைப் பிடித்துக்கொண்டன. அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் புரிந்தது போல் இருந்தது. பொய் எழுதினாய் அல்லவா, அனுபவி. எல்லோருக்கும் சரியாக இருக்கும் நாற்காலி உனக்கு மட்டும் இருக்காது.

தொடைகளை ஒட்டிக்கொண்டு, பாதி எடையைக் கால்விரல்களில் தாங்கி, முதுகை நிமிர்த்தி, முகத்தில் ஒரு புன்னகையை ஒட்டவைத்தேன். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தேன். அவளும் பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்தவள் மாதிரி நிமிர்ந்து புன்னகைத்தாள். முன்வரிசை முழுக்க நேரான முதுகுகள். என்ன ஒயிலாக உட்கார்ந்திருக்கிறார்கள் பாவிகள் என்று நினைத்தேன்.

மேடையில் தனி நாற்காலியில் இருந்த வார்டன் அம்மா இன்ஜினியரிடம், "ஒழுக்கத்தப் பாத்தீங்களா" என்றார். மருத்துவரும் அசந்துபோனார். ஒருத்தி நெளியவில்லை, ஒருத்தி சாயவில்லை, ஒருத்தி தூங்கவில்லை. நாற்பத்தைந்து நிமிடம். என் கால்விரல்கள் எனக்குச் சொந்தமில்லாதவை ஆகிவிட்டன.

"கடைசியா ஒரு சின்னப் பயிற்சி," என்றார் மருத்துவர். "கண்ண மூடிக்குங்க. உடம்ப அப்படியே தளர விடுங்க. முழு பாரத்தையும் நாற்காலிகிட்ட குடுத்துடுங்க. நல்லா மூச்ச இழுங்க. இப்ப விடுங்க."

விட்டோம்.

நாலாவது வரிசையில் முதலில் ஒரு 'டப்'. பின்னால் இரண்டு. அப்புறம் எண்ண முடியவில்லை, கூடம் முழுக்க மரம் முறிகிற சத்தம். என் நாற்காலியின் இடது கை கழன்று மடியில் விழுந்தது. ஒரு நாற்காலிக் கை உருண்டு உருண்டு போய் மேடைப் படியில் மோதி நின்றது. சத்தம் அடங்கியதும் நான் கண்ணைத் திறக்காமலே எழுந்து சொன்னேன். "மன்னிச்சுக்குங்க மேடம், நான்தான்."

அதே வார்த்தை நாலா பக்கமும் கேட்டது. "நான்தான் மேடம்." "என்னாலதான்." "நான்தான் ஒடச்சேன்." குறைந்தது நாற்பது குரல், ஒரே நேரத்தில். கண்ணைத் திறந்தேன். ஆளாளுக்கு ஒரு மரக் கையைப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் திருதிருவென்று பார்த்துக்கொண்டு நின்றோம்.

அன்று மத்தியானமே வார்டன் அறையில் விசாரணை. தச்சர் இன்ஜினியர் வரைந்த படத்தைக் காட்டினார், இன்ஜினியர் என் தாளைக் காட்டினார், நான் வாய் திறக்குமுன் வார்டன் அம்மா டேப்பக்காவை வரவழைத்தார். அக்கா நோட்டை மார்போடு அணைத்தபடி வந்தாள். என் தாளை வாங்கிப் பார்த்தாள். என்ன நடந்தது என்று இரண்டே வரியில் புரிந்துவிட்டது அவளுக்கு. என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

"அளவு என்னுதும்மா," என்றாள். "தப்பா எடுத்துட்டேன்."

"நூத்தி எண்பதும் தப்பா?"

"ஆமாம்மா."

"தப்பா அளக்கிற தையக்காரிக்கு என் விடுதில ரூம் எதுக்கு? நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணிடு."

நான் அங்கேயே நின்றிருந்தேன். நான்தான் நோட்டை எடுத்தேன், என் எண்ணே பொய்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நிஜம் எவ்வளவு என்று கேட்பார்கள். இன்ஜினியர் இருக்கிறார், தச்சர் இருக்கிறார். வாயில் பூட்டுப் போட்டது போல நின்றேன். இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் மூன்று மணிக்குத்தான் அவள் முகத்தில் விழிக்கத் துணிச்சல் வந்தது. அக்கா மெஷினைப் பழைய போர்வையில் சுற்றிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தாள். திரையைக் கழற்றி மடித்திருந்தாள்.

"எங்க போவீங்க?"

"தெரியல. முதல்ல கயிறு கட்டறேன்."

"நான்தான் நோட்ட எடுத்தேன்னு நீங்க சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நோட்டக் கேப்பாங்க. புள்ளிய எண்ணுவாங்க."

"எந்தப் புள்ளி?"

அக்கா கயிற்றை விட்டுவிட்டு நோட்டைப் பிரித்தாள். என் 39. பக்கத்தில் மூன்று புள்ளி. "ஒரு புள்ளி, ஒரு இஞ்ச்," என்றாள். எனக்கு மேல் வரியில் 36, மூன்று புள்ளி. கீழே 35, இரண்டு புள்ளி. பக்கத்தைப் புரட்டினேன். எல்லா வரியிலும் புள்ளி. ஒட்டடைக்குச்சிக்கு மட்டும் எண்ணுக்கு முன்னால் புள்ளி வைத்திருந்தாள், அவளுக்குக் கூட்டிச் சொல்லியிருக்கிறாள்.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

"அப்ப, இது நமக்குள்ளன்னு..."

"ஒவ்வொருத்திகிட்டயும்தான் சொன்னேன். நமக்குள்ளதான இருந்துச்சு."

"எனக்கு மட்டும்னு நெனச்சேங்க்கா."

"நூத்தி எண்பது பேரும் அப்படித்தான்டி நெனச்சீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை, பாதியில் அழுகையாகிவிட்டது. இரண்டு வருடம் இந்தக் கட்டடத்தில் நூற்றெழுபத்தொன்பது கச்சிதமான பெண்களுக்கு நடுவில் நான் ஒருத்தி மட்டும் பிதுங்கிக்கொண்டு வாழ்ந்திருக்கிறேன். அப்படி ஒருத்திகூட இருக்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடினேன்.

டீ நேரம். எல்லோரும் இருந்தார்கள். பெஞ்சில் ஏறினேன். ஏறும்போதே டீ டம்ளர் ஒன்றைத் தட்டிவிட்டேன்.

"என் இடுப்பு நாப்பத்திரெண்டு," என்றேன். "அக்கா நோட்டுல முப்பத்தொன்பதுன்னு இருக்கு. நான் கேட்டு வாங்கல, அவங்களா குடுத்தாங்க. நமக்குள்ள இருக்கட்டும்னு சொன்னாங்க."

கொட்டிய டீ கீழே சொட்டுகிற சத்தம் கேட்டது. இறங்கி அப்படியே பூமிக்குள் போய்விடலாமா என்று பார்த்தேன். அப்போது ஜன்னலோரத்திலிருந்து ஒட்டடைக்குச்சி எழுந்தாள்.

"என்னோடது முப்பத்திரெண்டு. நோட்டுல முப்பத்தஞ்சு. என்கிட்டயும் அதேதான் சொன்னாங்க." சொல்லிவிட்டு, சும்மா இருக்காமல், "நான் ரெண்டு பேன்ட் போட்டிருக்கேன்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

யாரோ வெடித்துச் சிரித்தார்கள். அப்புறம் அணை உடைந்த கதைதான். "நாப்பது, முப்பத்தேழுன்னு சொன்னாங்க." "என்கிட்டயும்டி." "எனக்கு நாலு இஞ்ச் குறைச்சாங்க, நாப்பத்தி மூணு நான்." நாற்பத்து மூன்றா, என்னைவிடப் பெரியவள் ஒருத்தி இருக்கிறாளா என்று நான் பெஞ்சுமேலிருந்தே தேடினேன். விடுதியிலேயே அழகி என்று நாங்கள் பொறாமைப்பட்டவள் அவள். முதுகலை இயற்பியல்காரி ஒருத்தி மேசைமேல் ஏறி எடை மெஷின் ரகசியத்தையும் உடைத்துவிட்டாள். யாரும் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள்.

இந்தக் கூச்சலில்தான் வார்டன் அம்மா உள்ளே வந்தார். விஷயத்தைச் சொல்ல எண்பது பேர் ஒரே நேரத்தில் முயன்றதில் பாதிதான் புரிந்திருக்கும். புரிந்த பாதி போதுமானதாக இருந்தது. திரும்பித் தையல் அறைக்கு நடந்தார். நாங்கள் மொத்தப் பேரும் பின்னால் போனோம்.

"நோட்டக் குடு" என்றார்.

"வேணாம்மா. பிள்ளைங்களோடது."

"என் பக்கத்த மட்டும் காட்டு."

வார்டன் அம்மாவும் நீலக் கோட்டு தைத்துக்கொண்டவர்தான். அக்கா கடைசிப் பக்கத்தைப் பிரித்து, மற்ற வரிகளைக் கையால் மறைத்துக்கொண்டு நீட்டினாள். வார்டன் அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். வாசலில் நின்ற எனக்குக் கேட்கும்படி மெல்லக் கேட்டார். "அஞ்சா?"

"ஆறும்மா. ஒண்ணு மடிப்புக்குள்ள இருக்கு."

வார்டன் அம்மா நோட்டின் மடிப்பை விரலால் விரித்துப் பார்த்தார். பிறகு போர்வை சுற்றிய மெஷினைக் காலால் லேசாகத் தட்டி, "இத எங்க தூக்கிட்டுப் போற? பிரிச்சு வை" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார். அந்த முதுகில் ஒரு சிரிப்புக் குலுங்கியதாக ஒட்டடைக்குச்சி இன்றுவரை சத்தியம் செய்கிறாள்.

நாற்காலிகளை மறுபடி செய்ய வேண்டும். மறுபடி எல்லோரையும் அளக்க வேண்டும். இம்முறை திரை போடவில்லை, எண்ணை நாங்களே சொல்லிக்கொண்டோம், பெரிய எண்ணுக்குக் கைதட்டல்கூட விழுந்தது. கூடத்தில் நூற்றைம்பது நாற்காலிதான் பிடிக்கும் என்று ஆனது. மீதிப் பேர் தரையில் பாய் விரித்து உட்காரலாம் என்று முடிவாயிற்று. அந்த நூற்றைம்பதில் ஒன்று டேப்பக்காவுக்கு என்று வார்டன் அம்மா தாளில் எழுதி அனுப்பியிருந்தார்.

"எனக்குக் குத்துமதிப்பா போட்டுக்க" என்றாள் அக்கா.

"குத்துமதிப்பு நாற்காலியெல்லாம் கெடையாது. எந்திரிங்க."

அவள் கழுத்திலிருந்து டேப்பை நானே எடுத்தேன். அது கழன்று நான் பார்த்தது அதுதான் முதல் முறை, அங்கே கழுத்தில் ஒரு வெளிறிய கோடு இருந்தது. அக்கா எழுந்து நின்றாள். கூட்டமாக நின்றவர்களை ஒரு தடவை பார்த்தாள். கண்ணை இறுக மூடினாள். எங்களைப் போலவே, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"மூச்ச விடுங்கக்கா."

விடவில்லை. அந்தத் தொளதொள அங்கியைச் சேர்த்துப் பிடித்து டேப்பைச் சுற்றினேன். படித்தேன். எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சத்தமாகச் சொல்லவில்லை. குறைத்தும் சொல்லவில்லை. அவள் காதோரம் குனிந்து இருந்ததை இருந்தபடி சொன்னேன். "நாப்பத்தி நாலு."

இருபத்தொரு வருடம் இழுத்துப் பிடித்திருந்த மூச்சு மெதுவாக வெளியே வந்தது. அக்கா கண்ணைத் திறந்தாள்.

"அவ்வளவுதானா?" என்றாள். "நான் அம்பது இருக்கும்னு நெனச்சிட்டிருந்தேன்."

பென்சிலை வாங்கி அவளே எழுதிக்கொண்டாள். புள்ளி வைக்கவில்லை.